நீ ஓட்டிப் பார்க்காத சிவப்பு வண்டி

அக்கா,

நேற்று வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு, வாங்கப்போகிற பழைய கார் ஒன்றில் வந்து நம் வீட்டு வாசலில் இறங்கினார். மகள் நர்ஸ் வேலை பார்க்கிறாளாம், வண்டி அவளுக்குத்தான்; ஓட்டி வந்தது தகப்பன். "அண்ணாச்சி, நீங்க பாத்துச் சொன்னாத்தான் முடிப்பேன்" என்றார். எனக்குக் குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது. ஆனாலும் பழைய வண்டி என்றால் இன்னும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். கதவைத் திறந்து காலடி விரிப்பைத் தூக்கினேன். நனைந்த சணலும் துருவும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அந்த வாடை பட்டதும் உன் நினைப்பு வந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். புளியறைக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை சீமைக்குத் திரும்புகிறான், அவனுடைய சின்னச் சிவப்பு வண்டி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டாய். ரெண்டே கதவு, மடக்குகிற துணிக்கூரை, சீறிப் பாய்கிற வண்டி. நீ அப்போது கடையம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் தென்காசியிலிருந்து பஸ்ஸில் நசுங்கிப் போய் வருவாய். அப்பாவின் மர லாரியை வற்றின குளத்துக்குள் ஓட்டிப் பழகினவள் நீ. எனக்கு முந்தி உனக்குத்தான் கியர் வசப்பட்டது. தெருவில் என்னவெல்லாம் பேசினார்கள்! "பொம்பள கார் ஓட்டுதாளாம், இனி ஆம்பள கோலம் போட வேண்டியதுதான்" என்றார்கள். நீ காதிலேயே வாங்கவில்லை.

அப்பா கடைசியில் இறங்கி வந்து ஒரே வார்த்தை சொன்னார். "தம்பி பாத்துச் சரின்னா வாங்கிக்கோ. இல்லைன்னா இந்தப் பேச்சே இனி வீட்டுல வரக்கூடாது."

குற்றாலத்தில் ஒரு பங்களா வாசலில் துரையின் டிரைவர் வண்டியை நிறுத்தியிருந்தார். சாரலில் நனைந்து அது அப்படி மின்னியது. உன் கைப்பையில் நாலு சக்கரத்துக்கும் வைக்க நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வந்திருந்தாய். போனதும் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாய். நான்தான் தடுத்தேன். "அக்கா, ஸ்டார்ட் பண்ணாத. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் குணம் தெரியும்."

சொன்னது சரிதான். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் பொய் சொல்லும். மூடியில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நனைந்த வண்டியில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது என்று என் துண்டாலேயே துடைத்தேன். இடது கதவுக்குக் கீழே புதுப் பெயின்ட் தடிப்பாக அப்பியிருந்தது. விரிப்பைத் தூக்கினால் தரைத் தகரம் துருவேறி, விரலை வைத்ததும் பொத்துக்கொண்டது. ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னேன். நீ ஆட்டினாய், சக்கரம் அசைய நேரமெடுத்தது. அப்புறம் டிரைவரை விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். உன்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அவர் வெளியில் நின்றபடியே கிளப்பினார். பின்னால் நீலப் புகை. "ஆயிலக் குடிக்குது" என்றேன். சொல்லும்போது எனக்குள் ஒரு குஷி, அக்கா. பெரிய மேதாவி நான்! ஒவ்வொரு குற்றமும் கிடைக்கக் கிடைக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உன் முகத்தை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

டிரைவருக்கே மனசு கேட்கவில்லை. "தம்பி, அம்மா ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமே. ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வரட்டும்."

"எதுக்கு? வாங்கப் போறதில்லையே" என்றேன்.

நீ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாய். "சரிலே, வா போவோம்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாய். மறுநாள் அந்த நாலு எலுமிச்சம்பழத்தையும் நறுக்கி ஊறுகாய் போட்டாய். நான்தான் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் எப்படித்தான் இறங்கியதோ! அப்பா சொன்ன சொல் மாறாதவர். அந்தப் பேச்சு நம் வீட்டில் அதற்குப் பிறகு வரவே இல்லை.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் அந்த வண்டியை வாங்கினார். தரைக்குத் தகரம் வைத்துப் பற்றவைத்து, எஞ்சினைப் பிரித்து, ஆயில் குடிக்காதபடி ரிங் மாற்றி ஓட்டினார். அறுபதுகள் முழுக்க ஒவ்வொரு சாரலுக்கும் அது ஓடியது. அந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியாததா? லாரிக்கு அதைத்தானே நான் நாள்தோறும் செய்துகொண்டிருந்தேன். வண்டியில் இருந்த குற்றத்தைச் சொல்ல வாய் வந்தது. "நான் சரிபண்ணித் தாரேன்க்கா" என்று சொல்ல வரவில்லை.

ஒரு தடவை உன்னோடு கடையம் பஸ்ஸில் வந்தேன். பஸ் டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் உன் இடது கால் தானாகக் கீழே அழுந்தியது. கிளச்சை மிதிக்கிறாய் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போது பார்த்து அந்தச் சிவப்பு வண்டி நம்மை முந்திக்கொண்டு போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "குத்தத்தோடதாம்லே ஓடுது" என்றாய். கோபமே இல்லை. நீ திட்டியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். கடைசிவரை பஸ்ஸிலேயே போய் வந்தாய். உன்னைக் கடைசியாகக் கொண்டுபோன வண்டியிலும் நீ படுத்துத்தான் போனாய்.

நேற்று விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அந்தத் தகப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை துருதான், பொத்தல் விழுந்திருந்தது. இந்தத் தடவை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள்.

விரிப்பைக் கீழே போட்டேன். "நீ முதல்ல ஒரு சுத்து ஓட்டிட்டு வாம்மா. குத்தத்த அப்புறம் பேசுவோம். எல்லாம் சரிபண்ணக் கூடியதுதான், நான் இருக்கேன்" என்றேன்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. அவள் கியர் மாற்றுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. வாசலில் நின்றிருந்த என் இடது கால், அக்கா, தானாகத் தரையில் அழுந்தியது.