கோடைப் பக்கம்

டெலமார்க், நார்வே, புல்லறுப்புக்கு முன்

அன்பானவளே,

நேற்று உப்பு மூட்டையோடு, கோடை மேய்ச்சலுக்காக நீ தங்கியிருக்கும் மலைக் கொட்டிலுக்கு வந்தேன். நீ ஆடு மேய்க்கப் போயிருந்தாய்; உன்னோடு வேலை செய்யும் குன்வோர்தான் மோர் கொடுத்தாள். உன் படுக்கைக்கு மேலே, ஒரு பக்கம் கோடை நாட்களும் மறுபக்கம் குளிர்கால நாட்களும் செதுக்கிய புதிய நாட்காட்டிக் குச்சி தொங்கியது. நம் வீட்டுக் குச்சியை நீ எடுத்துப் போகவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இது யாரு செதுக்குனது?"

"பக்கத்துக் கொட்டில் அஸ்லாக் அண்ணந்தான் மாமா. தெனமும் வந்து, இன்னிக்கு எந்தப் புனிதர் நாளுன்னு அக்காவுக்குச் சொல்லிட்டுப் போவாரு."

உனக்கு நாள் பார்க்கத் தெரியாதா என்ன? செதுக்கல் அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

கிளம்பும்போது குச்சியைக் கோடைப் பக்கத்திலிருந்து குளிர்காலப் பக்கத்துக்குத் திருப்பி மாட்டினேன்.

குன்வோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன மாமா கூத்து இது! வெளியில வெயில் கொளுத்துது. குளிர் வந்துட்டா நாங்க எல்லாரும் கீழ எறங்கணுமே!"

"எங்க வீட்ல பனி கொட்டுதுன்னு உங்க அக்காகிட்டச் சொல்லு."

சொல்லியிருப்பாள். மாடுகளும் ஆடுகளும் வழக்கம்போல இலையுதிர்காலத்தில் இறங்கட்டும். நீ மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்