பச்சைப் படங்கு

வினோ,

"எல்லாரையும் தூக்குற பச்சை அக்காவ யாரும்மா தூக்குவா?" என்று ஆறு வயதில் டிவியில் ஐந்து வீரர்களின் கார்ட்டூனைப் பார்த்துக் கேட்டாய். அதே கார்ட்டூன் மறுபடி புதிதாக வருகிறதென்று எத்தனை மாதம் காத்திருந்தாய்! நேற்று மாலை முதல் பாகத்தில் பச்சை அக்காவே இல்லை. "இருபது வயசுல கார்ட்டூனுக்கு அழுறியாடி?" என்று நான் சிரித்தது தப்பு. சாப்பிடாமலே படுத்துவிட்டாய்.

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாமிக்கு விளக்கேற்றிவிட்டுச் சாப்பிடு.

அம்மா

இன்னொன்று. உன் அந்த ஆறு வயதில், நான் காய்ச்சலில் கிடந்த அன்று கூரை ஒழுகியது. தேயிலைக் கொழுந்து பறிக்கையில் நனையாமல் இருக்க நான் இடுப்பில் கட்டும் பச்சைப் படங்கை, நீ பச்சை அக்காவாகத் தோளில் கட்டிப் பறந்து விளையாடுவாயே, அதை என்மேல் போர்த்தினாய். கண்ணை மூடியிருந்தேனே தவிர நான் தூங்கவில்லை, வினோ.

இன்று உன் பாய்மேல் ஒழுகுகிறது. படங்கைப் போர்த்தினேன், நீ அசையவில்லை. மழைதான். படங்கு இல்லாமலே தோட்டத்துக் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிறேன்.