விண்டோஸில் ஓடும் அறுவடை வரிசை

பாகூர்

அன்புள்ள அம்மாவுக்கு, செல்வகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. காரைக்காலில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

அறுவடை இயந்திரம் யார் வயலுக்கு எந்த நாளில் வரும் என்பதை விவசாயிகள் போனிலேயே பார்த்துக்கொள்ள, எங்கள் விவசாயிகள் சங்கத்தின் பழைய விண்டோஸ் கணினியையே சர்வராக நடத்துகிறேன். தை மாதம் ஒரு காலை அது தானாக அப்டேட் ஆகி, என் கடவுச்சொல்லுக்காகக் காத்து நின்றுவிட்டது. பக்கத்து ஊரான குருவிநத்தம் சங்கத்துக்குக் கணினி பார்க்கும் விமல், இரண்டு சங்கத்தாரும் கூடிய கூட்டத்திலேயே சிரித்தான்.

“விண்டோஸ்ல எவனாச்சும் சர்வர் ஓட்டுவானா டீச்சரம்மா? லினக்ஸ் போடணும். வயசாச்சு, வூட்ல ரெஸ்ட் எடுங்க.”

அன்று மாலையே, கணினி எழுந்ததும் கடவுச்சொல் இல்லாமலே சர்வர் ஓடும்படி மாற்றி வைத்தேன்.

சென்ற வாரம் மின்சாரம் போய் வந்ததும் அவனுடைய லினக்ஸ் கணினி கறுப்புத் திரையோடு நின்றது. அதைத் திறக்க அவனுக்கு மட்டுமே தெரியும். அவனோ திருப்பதியில் இருந்தான். மழைக்குப் பயந்த குருவிநத்தத்துக்காரர்கள் தங்கள் வரிசையைக் கையால் எழுதிவந்து என் கணினியிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

“எங்க லிஸ்ட்ட திருப்பிக் குடுங்க மேடம், வேலையே போய்டும்” என்று விமல் வந்தான். அன்று சிரித்தது போலவே கூட்டத்தில் எல்லார் முன்னும் நின்று கேட்கச் சொன்னேன். கேட்டான். முடியாது என்றேன். மன்னிக்கத்தான் கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் சொல்லித் தந்தார்கள். எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பழைய ரேடியோவை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டால் போதும்.

விமல் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறான். நிற்கட்டும். நான் பின்பக்கமாகப் போய் இதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன்.

உங்கள் மகள்,
செல்வகுமாரி