புறாமலையில் கூப்பிட்ட பெயர்

பக்கத்து வீட்டில் சைக்கிள் டியூப் ஒன்றைக் கழற்றி, ஒட்டுப் போடுவதற்காக மதிலின் மேல் வெயிலில் போட்டிருக்கிறார்கள். கச்சான் காற்று அந்தச் சூடேறிய ரப்பர் மணத்தை நேராக என் குசினி யன்னலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தேன். நல்ல காலம், பார்க்க ஒருவரும் இல்லை. மனுசன் போய் வருசம் திரும்பவில்லை, இவள் தனியாக நின்று சிரிக்கிறாள் என்று கதை கட்டிவிட இந்த ஒழுங்கையில் ஆளுக்கா பஞ்சம்?

உங்களுக்கும் அந்த மணம் நினைவிருக்கும். டொக்யார்ட்டில் வேலை செய்த உங்கள் சிநேகிதர் இரவல் தந்த நீச்சல் கண்ணாடி. மூக்கையும் சேர்த்து மூடும் கறுப்பு ரப்பர் விளிம்பு, பின்னால் இழுத்து மாட்ட ஒரு பட்டி, மூச்சு விட வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய். வள்ளத்தில் இருந்தபடி அதை முகத்தில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள். "இஞ்சருங்கோ, கழட்டுங்கோ அதை, பயமாக் கிடக்கு" என்றேன். நீங்கள் கழற்றவில்லை. நிலாவெளிக் கரை பின்னால் சின்னதாகிக்கொண்டு போனது. நான் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயத்திலா, சந்தோசத்திலா என்று கேட்டால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல ஏலாது.

அப்போது நமக்குக் கலியாணமாகி ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் நாம் இருவரும் பத்து நிமிடம் தனியாக இருந்து கதைத்ததில்லை என்று சொன்னால் இப்போது மகள் நம்பமாட்டாள். விறாந்தையில் மாமி. நடு அறையில் உங்கள் தங்கைமார் இரண்டு பேர். அவர்களுக்கும் நமக்கும் இடையில் ஒரு பலகை மறைப்பு மட்டும். இந்தப் பக்கம் நீங்கள் ஒருதரம் இருமினால் அந்தப் பக்கம் சுக்குக் கோப்பிக்கு அடுப்பு மூட்டிவிடுவார்கள். நானோ தம்பலகாமத்து வயலுக்குள் வளர்ந்தவள், வாய் திறப்பதே குறைவு. உங்களைக் கூப்பிடவேண்டுமென்றால் 'இஞ்சருங்கோ'. அதையும் கதவுக்குப் பின்னால் நின்று, காற்றுக்குச் சொல்வதுபோலச் சொல்வேன். பெயரைச் சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தா.

அந்தப் பயணமே ஒரு பொய்யில் தொடங்கியது. பேரப்பிள்ளை வேண்டி மாமி சல்லி அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தா. நாம் இருவருமாகப் போய்த் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் துறைமுகக் கந்தோருக்கு லீவு போட்டீர்கள். மாமி நல்ல முற்றின தேங்காயாகத் தட்டிப் பார்த்து எடுத்து, மஞ்சள் பூசி, கற்பூரத்தோடு பனையோலைப் பையில் வைத்துத் தந்தா. பஸ் சாம்பல்தீவு தாண்டி, சல்லிக்கு இறங்கும் இடம் வந்ததும் நான் எழும்பினேன். நீங்கள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்தினீர்கள்.

"இரும் அப்பா. முதல்லை புறாமலை. வரேக்கை அம்மனிட்டைப் போவம்."

"அது கடலுக்கு நடுவிலையெல்லோ?"

"ஓம். அங்கை மாமியும் இல்லை, மச்சாளும் இல்லை. புறா மட்டும்தான்."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் நான் இருந்துவிட்டேன், பாருங்கள். இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை.

வள்ளக்காரர் இராசையா அண்ணை நம்மை ஏற்றியபோது கடல் குளம்போலக் கிடந்தது. தம்பலகாமத்தில் நான் கண்ட குளங்களுக்கு அடி தெரியாது. இந்தக் கடலுக்கோ அடி தெரிந்தது! வள்ளத்துக்குக் கீழே பூக்கோவா போலவும் மான்கொம்பு போலவும் பவளம் வளர்ந்த முருகைக் கல். அதற்குள்ளே மஞ்சள் மீன், நீல மீன், கோடு போட்ட மீன். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த பார்வையில் வள்ளம் சரிந்து, "தங்கச்சி, மீனைப் பாக்கலாம், மீனுக்குச் சாப்பாடாப் போகக்கூடாது" என்று அவர் ஏசினார். தீவில் கால் வைத்ததும் மணல் இல்லை. அலை உடைத்துக் குவித்த முருகைத் துண்டுகள். மிதிக்க மிதிக்கப் பீங்கான் கோப்பைகள் உரசுவதுபோலச் சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பாறை இடுக்குகளில் இருந்து புறாக்கள் சடசடவென்று கிளம்பின. நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "உமக்குச் சிரிக்கவும் தெரியுமோ?" என்று கேட்டீர்கள்.

இராசையா அண்ணை வள்ளத்தை இழுத்து வைத்துவிட்டு ஒரு பாறை நிழலில் சரிந்து படுத்தார். நாம் நிலாவெளிச் சந்தியில் வாங்கிய பணிசையும் வாழைப்பழத்தையும் தின்றோம். பிறகுதான் தாகம். அவருடைய போத்தல் தண்ணீரை வழியிலேயே குடித்து முடித்திருந்தோம். தீவில் ஒரு கிணறாவது இருக்கும் என்று நினைத்தீர்களாம். திருகோணமலையில் பிறந்த மனுசன்! எனக்கு நாக்கு ஒட்டியது. உங்கள் கண் ஓலைப் பைக்குப் போனது. என் கண்ணும்தான் போனது, அதை நான் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மன்ரை தேங்காய்" என்றேன்.

"அம்மனும் ஒரு பொம்பிளைதானே. தாகத்தைப் பற்றி அவவுக்குத் தெரியும்."

கந்தோர்ப் பூட்டின் திறப்பால் தேங்காயின் கண்ணைக் குத்தி என்னிடம் தந்தீர்கள். முக்கால்வாசியை நானே குடித்தேன். பிறகு பாறையில் அடித்து உடைத்து, மஞ்சள் பூசின நேர்த்தித் தேங்காயைச் சொட்டுச் சொட்டாகக் கெல்லி எடுத்துத் தின்று தீர்த்தோம். இப்படி ஒரு தேங்காயை இவ்வளவு ருசியாகத் தின்ற பாவிகள் அந்த மாவட்டத்திலேயே இருந்திருக்கமாட்டார்கள்.

அப்போதுதான் கேட்டீர்கள். கேலி இல்லாமல், கடலைப் பார்த்தபடி. "இஞ்சரும், ஒண்டு கேப்பன். உமக்கு என்னைப் பிடிச்சிருக்கோ? வீட்டுக்காரர் சொல்லித்தானே கட்டினனீர். ஏழு மாசமாய் உம்முடைய முகத்திலை ஒண்டும் வாசிக்க ஏலாமல் கிடக்கு."

இதைக் கேட்கத்தான் மாமியிடம் பொய் சொல்லி, கடல் தாண்டி என்னைக் கூட்டிவந்திருக்கிறீர்கள் என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. 'ஓம்' என்று ஒரு சொல். வாய்க்குள் வந்து நின்றது. வெளியே வரவில்லை. நான் முருகைத் துண்டொன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தக் கையைப் பார்த்தீர்கள். பிறகு, "சரி, பரவாயில்லை" என்று எழும்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டீர்கள்.

அந்தப் 'பரவாயில்லை' என்னைச் சுட்டது. திரும்பி வரட்டும், சொல்லுவோம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு இருந்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி மிதந்து மிதந்து போனீர்கள். அதற்குள் கச்சான் எழும்பிவிட்டது. கரையில் இருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. நான் வயல்காரி, எனக்கென்ன தெரியும்? உங்கள் தலை தேங்காய் அளவு தெரிந்தது. பிறகு எலுமிச்சங்காய் அளவு. பக்கத்தில் கிடந்த சின்னத் தீவையும் தாண்டி வெளிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள், தலை நிமிர்த்தாமல். அம்மன் தன் தேங்காய்க்கு வட்டியோடு வாங்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பலமாகக் கத்தியதில்லை. பாறை நிழலில் கிடந்த இராசையா அண்ணை துள்ளி எழும்பி, "என்னையோ தங்கச்சி?" என்றார். தூரத்தில் வலை வளைத்துக்கொண்டிருந்த இரண்டு வள்ளத்துக்காரரும் நிமிர்ந்து கை காட்டினார்கள். அந்தக் கடலில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பினார்கள், நீங்கள் ஒருவரைத் தவிர.

இராசையா அண்ணை கடலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பிள்ளை, பேரைச் சொல்லிக் கூப்பிடு! இஞ்சருங்கோ எண்டால் கடலிலை ஆருக்குத் தெரியும்? நான் வள்ளத்தை இறக்கிறன், நீ கூப்பிடு!"

முதல் தரம் சொன்னபோது எனக்கே கேட்கவில்லை. ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னது குறுக்கே வந்தது. பெயரைச் சொல்லிக் குறைகிற ஆயுசா, சொல்லாமல் இப்போதே முடிகிற ஆயுசா? இரண்டாம் தரம் முழுப் பெயரையும் வயிற்றில் இருந்து எடுத்துக் கத்தினேன். புறாக்கள் திரும்பவும் கிளம்பின. உங்கள் தலை நிமிர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தபிறகுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று உங்களுக்கே தெரிந்தது. கையை வீசி வீசி நீந்தினீர்கள். நின்ற இடத்திலேயே நின்றீர்கள். நான் வள்ளத்துக்குள் விழுந்து ஏறினேன். இராசையா அண்ணை ஒரு துடுப்பை என்னிடம் எறிந்தார். துடுப்புப் பிடித்தறியாத கையால், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வலித்தேன். "கூப்பிட்டுக்கொண்டே இரு, அந்தப் பெடியன் இளைச்சுப்போகாமல் பாத்துக்கொள்" என்றார். கூப்பிட்டேன். துடுப்புக்கு ஒருதரம், மூச்சுக்கு ஒருதரம். ஏழு மாதம் சொல்லாததை எல்லாம் சேர்த்து அந்தக் கால் மணித்தியாலத்தில் சொல்லி முடித்தேன்.

உங்களை இழுத்து ஏற்றியபோது உதடு நீலம் பாரித்து, பல்லுக் கிட்டிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்ன முதற் சொல் இது: "இன்னொருக்காச் சொல்லும்."

நான் சொன்னேன், இராசையா அண்ணைக்கு முன்னாலேயே. அவர் நல்ல மனுசன், முகத்தைத் திருப்பி நிலாவெளியைப் பார்த்துக்கொண்டு துடுப்பு வலித்தார். நீங்கள் நடுங்கிக்கொண்டே ஒரு ஆமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்கள். சுளகு அளவு ஆமையாம், அதன் பின்னாலேதான் போனீர்களாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தோளில் ஒரு குத்துக் குத்தினேன். அதுவும் முதல் தரம்தான்.

கரைக்கு வரும்போது இராசையா அண்ணை, "எந்த வீட்டுப் பிள்ளையள்?" என்று கேட்டார். நீங்கள் மாமியின் பெயரைச் சொன்னீர்கள். "அட, அவவின்ரை மகனே! என்ரை மீன்தானே உங்கடை வீட்டை வாறது." நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினோம். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றார். கோயிலுக்கு வெறுங்கையோடு போக எனக்குத் துணிவில்லை. நேரே வீட்டுக்கு வந்தோம். மாமி என் கறுத்துப்போன முகத்தைப் பார்த்து, "கோயிலுக்குள்ளை அவ்வளவு வெயிலோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டா.

அடுத்தநாள் காலை, இராசையா அண்ணையிடம் மீன் வாங்கிச் சைக்கிளில் கொண்டுவரும் மீன்காரர் படலையில் நின்று, தேங்காய் முதல் துடுப்பு வரை அத்தனையும் சொல்லிவிட்டுப் போனார். மாமி என்னைக் கூப்பிட்டா. மீன் சட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"பேரைச் சொன்னனியாம்?"

"ஓம், மாமி."

"எத்தினை தரம்?"

"எண்ணேல்லை, மாமி."

மாமி சூடை மீனைக் கழுவிக்கொண்டே இருந்தா. பிறகு தலை நிமிராமல் சொன்னா: "நான் இருபது வருசம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலும் தான் என்ரை மனுசன் நாற்பத்தியொரு வயசிலை போனவர்." கடைசி மீனையும் கழுவிப் போட்டுவிட்டு, "வாற வெள்ளிக்கு ரெண்டு தேங்காய் கொண்டு போங்கோ. ஒண்டு நேர்த்திக்கு, மற்றது நீங்கள் திண்டதுக்கு. நானும் வாறன், உங்களை நம்ப ஏலாது" என்றா. மறைப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் தங்கைமார் சிரித்த சிரிப்பு!

அதன்பிறகு பதினேழு வருசம். தனியாக இருக்கும்போது 'இஞ்சருங்கோ' என்றால் நீங்கள் திரும்பமாட்டீர்கள். செவிடர் மாதிரிப் பேப்பர் வாசிப்பீர்கள். பெயரைச் சொன்னால்தான் உடனே, "ஓம், என்ன?" என்பீர்கள். நிலாவெளியில் இப்போது ஓட்டல் வந்து, வெள்ளைக்காரர் கூட்டமாகப் புறாமலைக்குப் போகிறார்கள். நாம் திரும்பப் போவோம், போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். போகவில்லை. போன வருசம் கந்தோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்தபோது, கூப்பிட நான் பக்கத்தில் இருக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, யாரில் என்றும் தெரியவில்லை.

போன கிழமை விதவைப் பென்சன் விசயமாக ஒரு கந்தோருக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண், கணவரின் பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டா. கூட வந்த தமையன் சொன்னார். என் முறை வந்தது. லிகிதர் நல்ல பிள்ளை. கேட்டுவிட்டு, ஒரு துண்டுக் கடதாசியையும் பேனையையும் என் பக்கம் தள்ளி, "எழுதித் தாங்கோ அம்மா, காணும்" என்றார்.

"தேவையில்லை, தம்பி. நான் சொல்லுவன்."

சொன்னேன். கொஞ்சம் பலமாகத்தான் வந்துவிட்டது. கடலுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அல்லவா! மேசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் எழுதுவதை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நீங்கள் "ஓம், என்ன?" என்று கேட்கிறதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம்.