செய்தி வாசித்த சந்திரகலா

1964 மார்ச் 3, செவ்வாய்
என் மகள் சந்திரகலா செய்தி வாசிக்கிறாள்! மூன்று வயதாகப் போகிறது, இதுவரை வாயே திறக்காதவள். ஹாஸ்டல் சமையல்கட்டு வேலை முடிந்து அழைத்துவரப் போனேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாள் அக்கா வீட்டு ரேடியோவின் முன்னால் சம்மணம் போட்டு, "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்கிறாள்! "ஏட்டி ஆதி, ஒம்மவ ஆபீசர் கணக்கால்லா பேசுதா!" என்று அக்கா கத்த, பிளாக்கே கூடிவிட்டது.

மார்ச் 4
இன்று மழை வராது என்றாள். வரவில்லை!!

மார்ச் 9, திங்கள்
அம்மை குத்த நர்ஸ் செங்கமலம் வந்தார். பெருமையாகச் செய்தி சொல்லவைத்தேன். சிரித்தார். பிறகு, "பசிச்சா எப்படி கேப்பா?" என்றார்.
"அழுவா."
"அம்மான்னு கூப்பிடுவாளா?"
இல்லை.
"வூட்ல நீ அவகிட்ட பேசுவியா?"
பேசுகிறேனா? என் வீட்டுக்காரர் காமாலையில் போய் ஏழு மாதம். வாயைத் திறந்தா அழுகை வந்துடும்னு மூடிக்கினே இருந்துட்டேன். காலையில ரேடியோ முன்னால உக்கார வெக்கறது, சாயந்திரம் சோறு ஊட்டிப் படுக்க வெக்கறது. பதில் பேசாத பெட்டிகிட்ட என் புள்ளை பேச்சு கத்துக்கினு இருக்கு. நான் என்ன தாய்?

மார்ச் 10
சமையல் மாஸ்டர் சக்கரபாணியிடம் கெஞ்சி, கூடவே அழைத்துப் போனேன். "அடுப்பாண்ட வராம பாத்துக்கோ" என்றார். காய் நறுக்கும் இடத்தில் உட்காரவைத்தேன். என்ன பேசுவது? வெங்காயத்தைப் பற்றிப் பேசினேன். பெரிய பூசணியைக் காட்டி, "ஒங்கப்பா தொந்தி இப்படித்தான் இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். நானா!

மார்ச் 17
பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அவளிடம் ஒரு சொல் இல்லை. இப்போது செய்திகூடச் சொல்வதில்லை. "எங்க ரேடியோவுக்கு என்னட்டி கொறச்சல்?" என்று அக்காவுக்குக் கோபம். அதையும் கெடுத்துட்டேனா?

ஏப்ரல் 2, வியாழன்
முருங்கைக்காய்க்கு ஏன் உடம்பெல்லாம் எலும்பு என்று கதை அளந்துகொண்டிருந்தேன். வெடுக்கென்று திரும்பி, "ம்மா! சும்மாரு!" என்றாள்.
அம்மா என்றாள். என்னைப் பார்த்து!
கையில் முருங்கைக்காயோடு குதித்தேன். "இன்னா ஆச்சு ஒனக்கு?" என்று மாஸ்டர் ஓடிவந்தார்.
"எம் பொண்ணு என்னைத் திட்டிட்டா மாஸ்டர்!"
"இதுக்கா இந்த ஆட்டம்?" கரண்டியால் நெற்றியில் அடித்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 3
மகள் உத்தரவுப்படி இன்று வாய் திறக்காமல் அவரைக்காய் நறுக்கினேன். கால் கூடைகூட ஆகவில்லை. முந்தானையை இழுத்தாள்.
"ம்மா, பேசு."