நாற்பத்தோராவது கை

பதிவு 1 · காலை 6:10 · காற்று அறை, புதுத்தொண்டி, செவ்வாய்க் கிரகம்

என்ன வருஷம் என்று எண்ணால் சொல்ல எனக்கு வராது. பூமியிலிருந்து வந்த கடைசிச் சரக்குக் கப்பல் இறங்கும்போது கால் ஒடிந்து சாய்ந்ததே, அதற்கு மறு வருஷம். புழுதி தொண்ணூறு நாள் சூரியனை மறைத்ததும், வடக்குக் கூடத்துத் தக்காளி அத்தனையும் கறுத்துப் போனதும் இந்த வருஷம்தான்.

காற்றழுத்தம் சரி. இரண்டாம் பம்பு இருமுகிறது, வாஷர் மாற்ற வேண்டும். மூன்றாம் பம்பு நல்ல பிள்ளை. நான் பேசுகிறேன், பெட்டி எழுதிக்கொள்கிறது. எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. சரியாக எழுதியிருக்கிறதா என்று, இதைக் கண்டெடுப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவு 2 · பகல் 11:40

மருத்துவ அறையிலிருந்து காதர் மீரான் அழைத்தான். பற்றவைப்புக்காரன். இந்தக் கூடங்களில் பாதித் தையல் அவன் கை. இப்போது நுரையீரல் நிறையப் புழுதி.

"என்னடா கைநாட்டு, இருக்கியா? வெளிய ரெண்டு பேரு நாற்காலி போட்டு உக்காந்திருக்காய்ங்க. என் மூச்ச எண்ணுறாய்ங்க. நான் போனாப் பட்டயம் போச்சுல்ல."

அந்தக் காவலாளிகளை அனுப்பியவன் இளம்பரிதி, எங்கள் தலைவன். தண்ணீர்த்தொட்டி வெடித்தபோது, மூன்று மாதம் தேர்தல் வேண்டாம், நான் சீர்செய்கிறேன் என்றான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

மீரான் கடைசியாகச் சொன்னது இது: "நான் செத்த பெறகு அவன் ஊரைக் கூட்டிப் பட்டயம் முடிஞ்சதுன்னு படிப்பான். அதுவரைக்கும் வாயத் தொறந்திராத. அந்த வார்த்தைய அவன் வாயாலயே சொல்லட்டும்."

பதிவு 3 · பகல் 2:05

அது என்ன வார்த்தை என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நேரம் இருக்காது.

முதல் கப்பலில் நாற்பத்தொரு பேர் வந்தோம். ஒரே கூடம். செபஸ்தியம்மாள் டீச்சர் ஊருக்குச் சட்டமாக ஒரு பட்டயம் எழுத உட்கார்ந்தார். எங்களுக்குள் ஏழு நாள் சண்டை. ஆபத்து வந்தால் தேர்தலை நிறுத்தலாமா என்பதுதான் விஷயம். டீச்சர் பழைய கதையெல்லாம் எடுத்துப் போட்டார். ரோமாபுரியில் ஆபத்துக்கு ஆறே மாதம் ஒருவன் கையில் எல்லாவற்றையும் கொடுப்பார்களாம். பின்னால் ஒருவன் ஆயுசுக்கும் வைத்துக்கொண்டான். ஜெர்மனியில் சபையே ஓட்டுப்போட்டு நான்கு வருஷத்துக்கு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது, நாடு சுடுகாடானது. நம் ஊரில் நெருக்கடிநிலை என்று இருபத்தொரு மாதம் வாயைக் கட்டினார்கள், ஆனால் தேர்தல் வந்தபோது சனம் மறக்கவில்லை. உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் எடுத்தவர்கள் நாம் என்று மீரான் மார்தட்டினான். அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை, நிலமும் வீடும் உள்ளவன் பெயர்தான் விழுந்தது என்று டீச்சர் அவனை உட்காரவைத்தார்.

கடைசியில் இப்படி முடிந்தது. ஆபத்தில் தேர்தலைத் தள்ளிவைக்கலாம். ஆனால் இதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் உயிரோடு இருந்து கேட்டாலும் அன்றைக்கே நடத்த வேண்டும். எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு, இருக்கிறவர்கள் புதிதாக எழுதிக்கொள்ளட்டும்.

எனக்குக் கையெழுத்துக் கிடையாதே என்றேன். சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. 'கையெழுத்திட்டவர்' என்பதை அடித்துவிட்டு 'கைவைத்தவர்' என்று எழுதினார். மீரான் சொன்ன வார்த்தை அதுதான். பிறகு வகுப்பில் போல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் 'உள்ளேன்' என்று வந்து எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு அந்தச் சொல் கூச்சம். பேசாமல் போய்க் கட்டைவிரலை வைத்தேன். விரலில் பம்பு கிரீஸ்.

இளம்பரிதி மூன்றாம் கப்பலில் வந்தவன். அவன் எழுத்தர், பட்டயத்தை மூடியிருக்கும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையெழுத்தை மட்டும் எண்ணினார். நாற்பது. நான் அவர்களுக்குக் கப்பலோடு வந்த சாமான்.

இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை? கேட்ட ஏழு பேரை வெளிவேலைக்கு அனுப்பினான். ஒருவரும் திரும்பவில்லை. நான் பயந்தேன். அந்த மூன்று மாதத்துக்குச் சம்மதம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதையும் பெட்டி எழுதிக்கொள்ளட்டும்.

பதிவு 4 · மறுநாள் காலை 8:30

மீரான் போய்விட்டான். ஒரு மணி நேரத்தில் இளம்பரிதியின் குரல் எல்லாக் கூடத்திலும் கேட்டது.

"பட்டயத்தில் கைவைத்தவர்களில் கடைசி மனிதரும் இன்று மறைந்தார். பட்டயம் இத்துடன் முடிந்தது. இனித் தேர்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை."

சொல்லிவிட்டான். அவன் வாயாலேயே.

பதிவு 5 · காலை 9:15

கதவை உள்ளே தாழிட்டேன். கசிவு எச்சரிக்கை ஒலிபெருக்கியைத் திறந்தேன். இது எல்லா அறைக்கும் போகும். இதை அறுத்தால் ஓட்டை விழுந்தாலும் யாருக்கும் தெரியாது, அதனால் அறுக்க மாட்டான். நான் கைவைத்தவன், இன்றைக்கே ஓட்டு வேண்டும் என்றேன். இளம்பரிதி பதிலுக்கு வந்தான்.

"பெரியவரே, உங்க வயசுக்கு மரியாதை குடுத்துச் சொல்றேன். அது கிரீஸ் கறை."

"கறைதான் தம்பி. என் கறை. கண்ணாடியத் தொறந்து என் வெரல வச்சுப் பாரு."

"காத்த நிறுத்திருவேன்னு மிரட்டுறீங்களா?"

"அது ஒன் புத்தி. மூணு பம்பும் ஓடுது. நீ மூச்சு விடுறதும் என் காத்துதான், நல்லா இழுத்து விடு. ஓட்ட மட்டும் நடத்து."

ஊருக்கும் சொன்னேன். பொதுக்கூடத்துச் சுவரில் பழைய தலைக்கவசங்கள் தொங்குகின்றன. ஓட்டுக்கு நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கவசம். உங்கள் கழுத்தில் கிடக்கும் தகர வில்லையைக் கழற்றி, வேண்டியவர் கவசத்தில் போடுங்கள். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. இளம்பரிதிக்கும் ஒரு கவசம் வையுங்கள். முறை என்றால் முறை.

பதிவு 6 · காலை 10:50

கதவைத் துளைக்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள். பம்புகள் ஓடுகின்றன, காதால் தெரிகிறது. பெட்டி இன்னும் எழுதுகிறதா தெரியவில்லை.

பொதுக்கூடத்து ஒலிவாங்கி திறந்திருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம்.

டங்.

ஒரு வில்லை. யாரோ முதல் ஆள். யாருக்குப் போட்டாரோ, அது என் வேலை இல்லை.

டங். டங்.

துளை விழுந்துவிட்டது, வெளிச்சம் வருகிறது. அன்றைக்கு டீச்சர் கூப்பிட்ட நாற்பத்தொரு பெயரையும் கூப்பிட்டு முடித்துவிடுகிறேன். முப்பத்தெட்டு வரை சொல்லியாயிற்று, ஒருவரும் இல்லை.

முப்பத்தொன்பது, செபஸ்தியம்மாள். இல்லை.

நாற்பது, காதர் மீரான். இல்லை.

டங். டங். டங். எண்ண முடியவில்லை.

நாற்பத்தொன்று, சோணைமுத்து.

உள்ளேன் டீச்சர்.