முகம் பார்த்து வலித்த துடுப்பு

மச்சான்,

இன்று சமைத்துக்கொண்டிருந்த மனுசி என்னைக் குசினிக்குள் விடவில்லை. "தார் மணக்குது. சட்டையைக் கழற்றி வெளியில போட்டிட்டு வாங்கோ" என்றாள். எங்கள் வைக்கிங் கப்பலுக்கு வருடாவருடம் பூசுவோமே, அந்தப் பைன் மரத்தார்தான். போன கிழமை நீ இல்லாமல் பூசினோம். இன்னும் சரியாகக் காயவில்லை.

நாங்கள் எங்கே, வைக்கிங் கப்பல் எங்கே! ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற என்னிடம் வந்து, "வெள்ளையள் கொஞ்சப் பேர் ஆயிரம் வருசத்துக்கு முந்தின மாதிரியே கப்பல் கட்டி ஞாயிற்றுக்கிழமையில துடுப்பு வலிக்கினம். நான்தான் சுக்கான் பிடிக்கிறன். வலிக்க ஆள் காணாது. வாறியே?" என்றாய். எனக்குக் கெட்ட கோபம் வந்தது. நான் இந்த நாட்டுக்கு வள்ளத்தில் வந்தவன். அதன் பிறகு பிள்ளைகளைக்கூடக் கடற்கரைக்குக் கூட்டிப் போனதில்லை. அது உனக்குத் தெரியாதா? நீயும் அதே வள்ளத்தில் வந்தவன்தானே.

"விசரே உனக்கு?" என்று ஏசினேன். நீ விடவில்லை. "வலிக்கிறவன் பின்னுக்குப் பார்த்துத்தான் இருப்பான். முன்னால வாற கடலை நீ பார்க்கத் தேவையில்லை. பின்னால சுக்கானில நிக்கிற என்ர மூஞ்சையைப் பார்த்து வலி."

முதல் நாளே மானத்தை வாங்கினாய். கேரம் டவுன்ஸ் கோயிலில் புதுக் காருக்கு வைப்பதுபோல, கப்பலைத் தண்ணீருக்கு இறக்கும் உருளைகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தாய். சாறு சீறி எங்கள் கப்பல் குழுத் தலைவரின் செம்பட்டைத் தாடியெல்லாம் தெறித்தது. அந்தாள் கண்ணைக் கசக்கியபடி, "இது எங்கள் கடவுளுக்கா, உங்கள் கடவுளுக்கா?" என்று கேட்க, "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்" என்றாய்.

அத்தனை ஞாயிறும் உன் முகத்தைப் பார்த்தே வலித்தேன். நேரகாலம் இல்லாமல் நக்கலடிப்பாய். "தொப்பையைக் குறையடா, கப்பல் சரியுது!" தமிழ் விளங்காதவர்களும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உன் செத்தவீடு முடிந்த கிழமையே தலைவர் என்னைச் சுக்கான் பிடிக்கக் கேட்டார். மாட்டேன் என்றேன். அங்கே நின்றால் முன்னால் பார்க்க வேண்டும். ஆனால் உன் இடத்தில் வேறொருத்தன் முகத்தைப் பார்த்து வலிக்கவும் என்னால் ஏலாது. அதனால் கடைசியில் ஓம் என்றுவிட்டேன்.

இன்றுதான் இறங்கினோம். குடாவின் நடுவில் காற்று எழும்பியது. வலிக்கிறவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய அலை வருவதை நான் ஒருவன் மட்டும் கண்டேன். வள்ளத்தில் கேட்ட அழுகைச் சத்தமெல்லாம் காதுக்குள் கேட்டது. வாய் தன்பாட்டில் திறக்க, "தலைவரே, அந்தத் தாடியை வெட்டினால் கப்பல் இன்னும் வேகமாகப் போகும்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அலை எங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விட்டது.

அட பாவி! அலை வரும்போதுதானே என் தொப்பை உன் கண்ணில் பட்டது! நீயும் என்னைப் போலவே பயந்திருக்கிறாய். ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னாயா? சுக்கானைப் பிடித்தபடி அழுதேன். கடல்தண்ணீர் தெறித்தது என்று நினைத்திருப்பார்கள்.

பயம் இன்னும் இருக்கிறது மச்சான். இருக்கட்டும். அடுத்த ஞாயிறும் சுக்கான் என் கையில்தான். யாரை நக்கலடிப்பது என்று இப்போதே யோசித்து வைத்துவிட்டேன்.